வாய்க்கால் ஓரத்தில் முந்நூறு மைல்

"முந்நூறு மைலா? சைக்கிளிலேயா?" என்றார் எட்மண்ட்.

"ஆமாம் சார். பிரான்ஸ்ல வாய்க்காலை ஒட்டியே பாதை இருக்கும். அந்தக் காலத்துல குதிரைங்க கரையில நடந்து படகை இழுத்துக்கிட்டுப் போன பாதை. அது வழியாப் போயி, லுவார் நதியைப் பிடிச்சு, மறுபடி ஒரு வாய்க்கால். லீவுல ஒன்பது நாள்," என்றான் பெண் பார்க்க வந்திருந்த ஜெபசீலன்.

எட்மண்டின் மனைவி ஞானஜோதி அச்சு முறுக்குத் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். எதிர் நாற்காலியில் மகள் தபீதாள், சேலையூர் பள்ளிக்கூடத்தின் பூகோள டீச்சர், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இவன் ஏழாவது. முந்தைய ஆறு பேரையும் தபீதாள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். "இவரையும் வேணாம்னா, இனிமே இந்த வீட்டுல எவனுக்கும் நான் காபி கலக்க மாட்டேன்" என்று ஞானஜோதி காலையிலேயே அறிவித்துவிட்டாள். அவர்கள் கிளம்பிப் போனதும் பதில் சொல்லியாக வேண்டும். எட்மண்டோ ஆரம்ப ஜெபத்தில் "இதை வாய்க்கப்பண்ணும் ஆண்டவரே" என்று மூன்று தடவை சொல்லி, பொறுப்பைக் கடவுள் தலையில் கட்டியிருந்தார்.

ஜெபசீலன் ரயில்வே இன்ஜினியர். தாம்பரம் லைனுக்குப் புது மின்சாரம் வந்த சமயத்தில் ஆறு மாதம் பிரான்ஸில் பயிற்சி பெற்றவன்.

"திரும்பி வந்த புதுசுல இவன் வாயே திறக்கலைங்க," என்றாள் கூட வந்திருந்த அவன் அக்கா புஷ்பம். "என்னடா பார்த்தேன்னு கேட்டா, டிரான்ஸ்பார்மர்னுவான். இப்ப அஞ்சாறு மாசமாத்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. மாசம் பிறந்தா புதுசா ஒரு ஊர் சொல்றான்!"

தபீதாள் முதல் முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"வழியில எல்லாம் என்ன மரம்?" என்று கேட்டாள்.

"ரெண்டு பக்கமும் புளியமரம்," என்றான் அவன் தயங்காமல்.

எட்மண்ட் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "வெள்ளைக்காரன் ஊர்ல புளியமரமா? அங்கே எவன் தம்பி ரசம் வைக்கிறான்?"

ஜெபசீலனின் முகம் சிவந்தது. தபீதாளின் முகமும் சிவந்தது.

"இருக்கும்ப்பா," என்றாள் அவசரமாக. "தூரத்திலேருந்து பார்த்தா எந்த மரமும் புளியமரம் மாதிரிதான் தெரியும். நீங்க மேலே சொல்லுங்க."

ஞானஜோதிக்குப் புல்லரித்தது. தன் மகள் ஒரு ஆம்பிளைக்குப் பரிந்து பேசி அவள் கேட்டதே இல்லை.

"மதகு ஒண்ணு இருந்துச்சு," என்று அவன் தொடர்ந்தான். "கதவை மூடித் தண்ணியை நிரப்பினா படகு மேலே ஏறும். அந்த மதகைப் பார்த்துக்கிட்டது ஒரு வயசான அம்மா. பாட்டுப் பாடினாத்தான் ராத்தங்க இடம்னு சொல்லிட்டாங்க. நான் கீர்த்தனை ஒண்ணு பாடினேன். அர்த்தம் புரியாமலே அழுதுட்டாங்க."

"அர்த்தத்துக்கா அழுதாங்க, ராகத்துக்கா?" என்றார் எட்மண்ட்.

"அப்பா!" என்று அதட்டினாள் தபீதாள்.

"காலையில கிளம்பினேன். அப்புறம்... அப்புறம் வந்து..." ஜெபசீலன் கூரையைப் பார்த்தான்.

"மழை பிடிச்சிருக்கும்," என்றாள் தபீதாள்.

"கரெக்ட்! மழைதான்! ஒரு படகுக்காரர் சைக்கிளோட என்னை ஏத்திக்கிட்டார். எப்படிங்க சொன்னீங்க?"

"சும்மா, தோணிச்சு."

"பார்த்தீங்களா பொருத்தத்தை!" என்று புஷ்பம் இன்னொரு முறுக்கை எடுத்தாள்.

அவன் பேசப் பேச, தபீதாளுக்குள் ஏதோ ஒன்று மெதுவாக அவிழ்ந்தது. தினமும் ஐந்து பீரியட் தொண்டை வறளப் பேசுகிறவள் அவள். பிள்ளைகள் பரீட்சை வரை ஞாபகம் வைத்திருப்பார்கள். வீட்டில் அதுவும் இல்லை. 'வேண்டாம்' என்று சொன்னால் மட்டும் எல்லோருக்கும் காது கேட்கும். இந்த மனிதன் கூரையைப் பார்த்துத் தவிக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடிப்போய்க் கை கொடுக்கத் தோன்றியது. இப்படித் தோன்றுவது அவளுக்கே புதிதாக இருந்தது.

ஐந்தரை ரயிலைப் பிடிக்க அவர்கள் கிளம்பினார்கள். கேட்டைச் சாத்திவிட்டு வந்த ஞானஜோதி, மகளுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"சொல்லு."

"சரின்னு எழுதிடுங்க."

ஞானஜோதி "ஸ்தோத்திரம்!" என்று கத்தினாள். எட்மண்டுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏம்மா, புளுகுறான்மா அவன்! வாய்க்கால் பக்கமே போயிருக்க மாட்டான். ஆறு மாசமும் ரூமைப் பூட்டிக்கிட்டு உப்புமா கிண்டியிருப்பான்."

"தெரியும்ப்பா. அவர் சொன்னது பூரா ஒரு பத்திரிகையில புனைபெயர்ல மாசா மாசம் தொடரா வந்தது."

"அடப்பாவி! தெரிஞ்சுமா சரிங்கிறே?"

"ஒரு வரி மாத்தாம மனப்பாடமாச் சொன்னாரே. அதுக்குத்தான்."

"நல்லாருக்கு நியாயம்! போகாத ஊரைப் போனதாச் சொல்றவன் உனக்கு மாப்பிள்ளை. பாவம், எழுதின ஆளாவது வெயில்லயும் மழையிலயும் நிஜமாவே சைக்கிளை மிதிச்சிருப்பான்."

தபீதாள் காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"இல்லேப்பா, எழுதின ஆள் செங்கல்பட்டையே தாண்டினதில்லே," என்றாள். "எனக்குத்தான் சைக்கிளே விடத் தெரியாதே!"