கோடைச் சுற்றுப்பயணம்

பூமியின் தென்கோடியில், ஜூன் மாதக் குளிர்காலத்தில், வின்டன் கிளப்பில் ரக்பி ஆட்டம் முடிந்து, இரண்டு அணிகளும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தன. அந்தச் சின்ன ஊர் அணியிடம் தோற்ற பிரெஞ்சு தேசிய அணியின் பயிற்சியாளர் தியரிக்கு, குளிரில் கை நடுங்கினாலும் வாய் நடுங்கவில்லை.

"இதைத் தோல்வின்னு சொல்லாதீங்கம்மா. எங்க பெரிய ஆளுங்க எல்லாம் கோடை லீவுல வீட்ல காலை நீட்டிப் படுத்திருக்காங்க. இதுங்க சும்மா கூட்டத்துக்குச் சேர்த்த பொடிசுங்க."

"ஐயோ, அப்படியா?" என்றாள் உள்ளூர் அணியின் மேலாளர் நோலீன்.

"நிஜ டீம் வந்திருந்தா உங்க பசங்க மைதானத்தை விட்டே ஓடியிருப்பாங்க!"

நோலீன் அவர் தட்டில் இன்னொரு துண்டு ஆட்டுக்கறி வைத்தாள்.

"எங்க நிஜ டீமும் ஊர்ல இல்ல சார். எல்லாரும் பால்பண்ணைக்காரங்க. ஜூன் குளிர்ல மாடு கறக்காது, அப்பதான் லீவு. உங்க ஊர்க் கடற்கரையில வெயில் காயறாங்க."

"அப்ப இன்னிக்கு ஆடினது?"

"ப்ளேன் டிக்கெட் வாங்க வக்கில்லாதவங்க."