என் மெஷின்ல ஓடுது

பொத்தேரி கல்லூரி லேபில் மூன்றரை மணி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு மேஜைமேல் கிடக்கிறது. நான்கு மணிக்குள் இரண்டு கணினிகளும் பேசிக்கொள்வதைக் காட்டாவிட்டால் புராஜெக்ட் மார்க் போய்விடும். சி மொழியில் சர்வர் எழுதியவள் ஜாஸ்மின். அதைக் கூப்பிடும் கிளையண்ட்டை எழுதிய ஜெரோம் எதிர் வரிசையில் இருக்கிறான். அவன் என்டரைத் தட்டுகிறான். திரையில் மறுபடியும் அதே வரி: கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு. "என் மெஷின்ல நல்லா ஓடுது. உன் கோடுதான் தப்பு, ஒழுங்கா பாரு!" அவள் கத்தியதில் பக்கத்து மேஜைகள் திரும்புகின்றன. ஜெரோம் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு தன் புரோகிராமை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குகிறான். மின்விசிறி கடகடக்கிறது. ஜிஎஸ்டி ரோட்டில் ஏதோ பஸ் விடாமல் ஹார்ன் அடிக்கிறது. ஜாஸ்மின் எரிச்சலோடு தன் புரோகிராமை மேலே தள்ளிக்கொண்டே போகிறாள்; ஒரு வரியில் விரல் நின்றுவிடுகிறது. 127.0.0.1. தன் கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டும் எடுக்கும் முகவரி. வீட்டில் சோதித்துப் பார்க்கப் போட்டது, மாற்றவே இல்லை. காது சூடாகிறது. சத்தமில்லாமல் திருத்தி, திரும்ப ஓட விடுகிறாள்.

இன்னொரு முறை என்டரைத் தட்டிய ஜெரோம் சட்டென்று நிமிர்கிறான். "ஏய், கனெக்ட் ஆயிடுச்சு! நான் இன்னும் எதையுமே மாத்தலையே?"

"நான்தான் மாத்தினேன்," என்கிறாள் ஜாஸ்மின், அவன் முகத்தைப் பார்க்காமல்.