எதிரே வந்த படகு

சிட்னித் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் தெருவில் பிளேக் நுழைந்ததிலிருந்து, சுகாதார அதிகாரி கார்பெட்டின் தலை தெரிந்தாலே நோயாளியைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைப்பார்கள். சலவைக்காரி ஹனோரா மட்டும் அவரைத் தேடி ஓடினாள்.

"ஐயா, எனக்கு பிளேக் வந்திருக்கு. என்னை அக்கரையில நோயாளிங்கள அடைச்சு வெக்கிற முகாமுக்குக் கூட்டிட்டுப் போங்க."

கார்பெட் முறைத்தார். "அங்க மூணு வேளையும் ரொட்டியும் கறியும் போடறாங்கன்னு எவனாவது சொன்னானா?"

"அக்குள்ல நெறி கட்டியிருக்கு, பாருங்க."

வீங்கிச் சிவந்திருந்தது. அவர் இரண்டடி பின்வாங்கினார். "படகுல ஏறு. வீட்டுல வேற யாரு?"

"யாருமே இல்லய்யா." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

படகில் இரண்டு நோயாளிகள் முனகிக்கொண்டிருந்தார்கள். பாதித் தூரம் போனதும் கார்பெட் அவள் சட்டையை உற்றுப் பார்த்தார்.

"சட்டைக் கையில என்ன வெள்ளையா? சலவைச் சோடாவா?"

"ஆமாய்யா. அதைத் தேய்ச்சுத்தான் புண்ணாக்கிக்கிட்டேன். பக்கத்து வீட்டு மாஹருக்கு நோய்னு, அங்க இருந்த எல்லாரையும் தலையெண்ணி ஏத்திட்டுப் போனீங்களே, அதுல விளையாடப் போன என் மக டில்லியும் ஒருத்தி. நாலு வயசு. அஞ்சு நாளா துறையில நின்னு கெஞ்சுறேன், யாருமே காதுல போட்டுக்கல."

கார்பெட் தொப்பியைக் கழற்றினார்.

"நோய் தொத்தாதவங்கள அஞ்சு நாள்தாம்மா வெச்சிருப்போம். இன்னிக்கு விட்டுடுவாங்க."

"அப்ப படகைத் திருப்புங்க!"

"முடியாதும்மா. நோயாளிங்களோட ஏறிட்ட. இனி உனக்கும் அஞ்சு நாள்."

எதிரே ஒரு படகு கடந்தது. மாஹர் வீட்டார் நடுவிலிருந்து ஒரு சின்னக் கை ஆடியது.

"அம்மா! நான் வீட்டுக்குப் போறேன்! நீ எங்கம்மா போற?"