பதினாறாம் நாள் படையல்

வேற்றுச் சாதிப் பையனோடு மகள் சுகந்தி ஓடிப்போய்ப் பதினாறு நாள் ஆகிறது. மறுநாளே வேலாயுதம் தெருமுனையில் அவள் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட்டார். இன்று காரியம்.

"உசிரோட இருக்கறவளுக்குப் படையல் போட்டா அவளுக்கு ஏதாவது ஆயிடுங்க," என்று அழுதாள் மனைவி தனபாக்கியம்.

"உப்புப் போட்டுச் சாப்பிடறவன் தாங்கற அவமானமாடி இது? போய் சமை!"

படையல் சமையலை யாரும் ருசி பார்க்கக் கூடாது. அழுதுகொண்டே சமைத்து, அப்படியே தலைவாழை இலையில் பரிமாறினாள். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போவதற்காகக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றார்கள்.

திறந்தபோது, குழம்பு ஊற்றிய சோற்றின் நடுவே ஒரு கை அள்ளிய பள்ளம் இருந்தது.

"எலியா இருக்கும்," என்றார் வேலாயுதம்.

அப்போது தனபாக்கியத்தின் போன் அடித்தது. சுகந்தி! அவசரமாக எடுத்ததில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"கண்ணு, நல்லாயிருக்கியாடி?"

"அதை விடும்மா. குழம்புல ஏம்மா உப்பே போடல?"

வேலாயுதம் குனிந்து, இலையிலிருந்த குழம்பை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

குனிந்த தலை நிமிரவே இல்லை.