ஒன்பதாம் ஒழுங்கு

"மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போ. விஷயம் முடிஞ்சது."

"செய்யாத தப்புக்கு எப்படிங்கப்பா எழுதிக் குடுக்குறது?"

அருளப்பனுக்குக் காது சூடேறியது. வீட்டில் எதிர்த்துப் பேசியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். இது சபைக் கமிட்டி. அவர் செயலாளர். மூன்று மூப்பர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே கையைக் கட்டாமல் நின்றவள் அவருடைய மகள் ஷாமிலா. வயது பதினாறு, வாலிபர் சங்கத்தின் தலைவி.

அடுத்த ஞாயிறு பேராயர் வருகிறார், பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக்கும் திடப்படுத்தல் ஆராதனைக்கு. அதற்காக இரண்டு வருடம் படித்த ஏழு பிள்ளைகளின் பட்டியலில் ஷாமிலாவின் பெயர்தான் முதலில் இருந்தது. அதை வெட்டுவதா, விடுவதா என்பதுதான் இப்போது பேச்சு.

"ஒன்பதாம் ஒழுங்கு என்ன சொல்லுது?"

வாலிபர் ஒழுங்குகள் பதினெட்டையும் எழுதியவர் அருளப்பன்தான். சினிமா கூடாது, நகப்பூச்சு கூடாது, ஆணும் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்காரக் கூடாது. மூச்சு விடுவதற்கு மட்டும்தான் ஒழுங்கு எழுதாமல் விட்டிருந்தார்.

ஷாமிலா தாளைப் பார்க்காமலே ஒப்பித்தாள். "பிற மதத்தார் திருவிழா வேலைகளில் வாலிபர் கைவைக்கலாகாது."

"நீ என்ன செஞ்ச?"

"மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வெறகு சுமந்தேன். பீலிக் குழாயிலருந்து தண்ணி தூக்குனேன். சங்கத்துப் புள்ளைங்களையும் நான்தான் கூட்டிட்டுப் போனேன். நாளைக்கும் போவோம்."

"நாளைக்குமா?" என்றார் ஒரு மூப்பர்.

"அன்னதானம் நாளைக்குத்தானேங்க ஐயா."

"அங்க சாமி கும்பிட்டியா?"

"இல்லீங்க. நான் கும்பிடுறது ஏசப்பாவைத்தான். அவரு இந்தத் தோட்டத்துல இருந்திருந்தா, 'வெறகு தூக்க மாட்டேன், ஒன்பதாம் ஒழுங்கு விடாது'ன்னு சொல்லியிருப்பாரா? ஆமான்னு நீங்க சொல்லுங்க, இப்பவே எழுதிக் குடுக்குறேன்."

மூப்பர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

"அவங்க வேலைக்கு அவங்க ஆளு இல்லையா? நீங்க எதுக்குப் போனீங்க?" அருளப்பன் விடவில்லை.

முதல் தடவையாக அவள் தயங்கினாள். "அதைச் சொல்ல முடியாதுங்கப்பா."

"ஏன்?"

"வாக்கு. பேரை வெட்டணும்னா வெட்டிக்குங்க. வெட்டினாலும் நான் ஏசப்பா புள்ளைதான்."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். வீம்பில் அப்பனை உரித்து வைத்திருந்தாள். செயலாளர் மகள் என்று விட்டுவிட்டால், உபதேசம் ஊருக்குத்தானா என்று லயத்து வீடுகளெல்லாம் பேசும். அருளப்பன் பேனாவைத் திறந்து முதல் பெயரின் மேல் கோடு இழுத்தார்.

கூட்டம் நடந்தது பழைய மடுவத்தில். ஒரு காலத்தில் தேயிலைக் கொழுந்தை எடை போட்ட கொட்டகை. வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. போன கார்த்திகை மழையில் மண் சரிந்து ஆலயம் புதைந்தபோது, ஆராதனைக்கு ஓர் இடம் கேட்டு அருளப்பன் தோட்டத்துத் துரைக்குக் கடிதம் எழுதினார். பத்தாம் நாள் வாட்சர் மடுவத்துச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். தன் கடிதத்தின் மகிமையை அவர் சபையில் நாலு தடவையாவது சொல்லியிருப்பார். துரைக்காக ஞாயிறு தவறாமல் ஜெபமும் நடந்தது.

மடுவத்தைப் பூட்டிக்கொண்டு நேரே கோயிலுக்கு நடந்தார். எரிச்சலை யார் தலையிலாவது கொட்டியாக வேண்டும். கோயில் தலைவர் இராமையா அகப்படட்டும்.

கோயிலுக்குப் பின்னால் நான்கு மூங்கிலில் ஒரு தறப்பாளைக் கட்டி, கீழே அடுப்பு மூட்டியிருந்தார்கள். சாரல் உள்ளே அடித்தது. சமையல் பொறுப்பிலிருந்த அம்மாக்கண்ணு புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"வாங்க செயலாளரய்யா. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார் இராமையா.

"வேணாம். இனிமே எங்க புள்ளைங்கள உங்க வேலைக்கு இழுக்காதீங்க. இதனால என் மக பேரையே வெட்டிட்டு வர்றேன்."

இராமையாவின் முகம் வாடிவிட்டது. "வெட்டிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் அருளப்பனுக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. புகை தொண்டையில் ஏறி இருமினார். என்ன இருந்தாலும் அக்கம்பக்கத்து ஜனம்.

"எதுக்குங்க மழையில இந்தப் பாடு? தொரைக்கு ஒரு கடுதாசி போட்டா கொட்டகை தந்துட்டுப் போறாரு. எனக்குத் தரலையா?"

அம்மாக்கண்ணு கிளறுவதை நிறுத்தினாள்.

"நீ சும்மா இரு" என்றார் இராமையா அவளிடம்.

"எப்படிண்ணே சும்மா இருக்கிறது? அந்தப் புள்ள பேரை வெட்டிட்டாராம்." கரண்டியை வைத்துவிட்டு அருளப்பனிடம் திரும்பினாள். "ஐயா, உங்க கடுதாசிக்குத் தொரை பதிலே போடலை. அன்னதானம் சமைக்கச் சொல்லி அந்த மடுவத்தை அவரு ஐப்பசியிலேயே எங்க கோயிலுக்குத் தந்துட்டாரு. வாட்சர் கொண்டுவந்த சாவி நாங்க குடுத்தனுப்புனது. உங்க மகதான் இங்க வந்து நின்னு, 'எங்க ஆளுங்க மழையில நின்னு ஜெபம் பண்றாங்க, அதை எங்களுக்குக் குடுங்க, திருவிழாவுக்கு வெறகும் தண்ணியும் நாங்க சுமக்குறோம். ஆனா கோயில் எடம்னு தெரிஞ்சா எங்கப்பா உள்ள கால் வைக்க மாட்டாரு, யாரும் சொல்லிடாதீங்க'ன்னு கேட்டு வாங்கிட்டுப் போச்சு."