வெளுக்காத நீலம்

"சொட்டெல்லாம் எதுக்கு மேடம்? அப்படியே வெச்சுக்கக் கூடாதா?"

மியூசியத்துக்குக் கொடுக்கக் கொண்டுவந்த கண்ணாடிப் பெட்டியை மார்போடு அணைத்தபடி நின்றார் பெரியவர். உள்ளே கையகலத்தில் ஒரு நீலப் பட்டாம்பூச்சி.

எதிரே இருந்தவள்தான் மியூசியத்தின் பூச்சிப் பிரிவுக்கு அதிகாரி. முதுகுக்குப் பின்னால் ஊழியர்கள் வைத்த பெயர் 'அந்துருண்டை'. பெயிண்ட் அடித்த பூச்சியை அபூர்வம் என்று கொண்டுவந்த எத்தனையோ பேரை வாசல்வரை விரட்டியவள். பெரியவரின் முழியே சரியில்லை என்று அவளுக்குப் பட்டது.

"ஒரு சொட்டு ஸ்பிரிட்தான் சார். நிஜ நீலத்துல சாயமே கிடையாது. இறக்கையில இருக்கற குட்டிக் குட்டிச் செதில்ல வெளிச்சம் பட்டு அப்படித் தெரியுது. நனைஞ்சா பச்சையாகும், காய்ஞ்சா மறுபடி நீலமாயிடும். போலின்னா பஞ்சுல ஒட்டிக்கும்."

"போலியா? கல்யாணத்துக்கு முன்னாடி நானே வலை வீசிப் பிடிச்சதாக்கும்," என்றாள் பக்கத்தில் நின்ற அவர் மனைவி. சொன்ன கையோடு வண்டு அலமாரியை வேடிக்கை பார்க்கப் போய்விட்டாள்.

சொட்டு விழுந்தது. இறக்கை பச்சையாகவில்லை. அந்துருண்டை பஞ்சால் ஒற்றினாள். பஞ்சுதான் நீலமானது.

அவள் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் கிசுகிசுத்தார்.

"கல்யாணமான புதுசும்மா. தூசியா இருக்கேன்னு ஈரத்துணியால துடைச்சுட்டேன். செதிலெல்லாம் உதிர்ந்து நீலம் மொத்தமும் துணியோட வந்துடுச்சு. அப்புறம் நானே பெயிண்ட் அடிச்சேன். வெளுக்க வெளுக்க அடிச்சுட்டே இருக்கேன். தெரிஞ்சா அவ மனசு உடைஞ்சிடும்."

அந்துருண்டைக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டாள்.

மனைவி திரும்பி வந்தாள். "என்ன சொல்றீங்க?"

பஞ்சு உள்ளங்கைக்குள் மறைந்தது. "அசல்தாம்மா. ஆனா வெளிச்சத்துல வெச்சா வெளுத்துடும். இருட்டு அலமாரியிலதான் வைப்போம்."

இந்த நீலம் காலத்துக்கும் வெளுக்காது என்று போகிற வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள், கண்ணிமைக்காமல் புளுகினாள்.

போன உயிர் திரும்பிய பெரியவர், வண்டி பிடிக்க வேகமாக வெளியே நடந்தார்.

மனைவி மட்டும் நின்றாள்.

"அந்தப் பஞ்சைக் கீழே போட்டுடாதீங்கம்மா. அவர் திரும்பி வந்து அதைக் கண்டா, நானும் பார்த்துட்டேன்னு நினைச்சுப்பார்."

அந்துருண்டை திகைத்தாள். "அப்ப உங்களுக்கு..."

"பெயிண்ட் தீர்ந்து போனா, புது டப்பா வாங்கி அவர் கண்ணுல படற மாதிரி வைக்கறது யாருன்னு நினைச்சீங்க? இப்பல்லாம் அவருக்குக் கை நடுங்குது. பாவம், அடிக்க முடியாம தவிக்கறார். அதான் கொண்டுவந்து உங்க தலையில கட்டிட்டேன்."