எட்டாவது ஆணி

"உங்க புருஷன் இறந்து வருஷமாச்சும்மா, இந்த இறப்புப் பத்திரத்துல கையெழுத்து மட்டும்..."

"அவர் பேர் வில்லை இன்னும் பலகையில தொங்குதே சார்?" அதிகாரி ஆட்லியை முடிக்க விடவில்லை லெட்டி.

போர்ட்ஸ்மவுத் துறையில், ஒரு சோதனை நீர்மூழ்கிக் கப்பலுக்குள் இறங்குபவர்கள் பெயர் பொறித்த பித்தளை வில்லையைக் கரைப்பலகையின் ஆணியில் மாட்டுவார்கள், திரும்பியதும் எடுத்துக்கொள்வார்கள். சென்ற வருடம் மூழ்கிய அதே கப்பலைத் தூக்கியபோது லெட்டியின் கணவன் எனோக்கின் உடல் மட்டும் கிடைக்கவில்லை. அவனே வந்து எடுக்கட்டும் என்று, அவன் வில்லையைத் தொட லெட்டி யாரையும் விடவில்லை.

இன்று ஏழு பேர் இறங்கினார்கள். ஏழு பேரும் ஏறி வந்து வில்லைகளை எடுத்துக்கொண்டார்கள்.

ஆட்லி திரும்பிப் பார்த்தார். எனோக்கின் வில்லை தொங்கிய எட்டாவது ஆணியும் காலியாக இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எவன்டா எடுத்தது?"

ஏழு பேரும் தங்கள் வில்லையைக் காட்டினார்கள்.

லெட்டி இறப்புப் பத்திரத்தை நாலாகக் கிழித்தாள். "வழிய விடுங்க சார். வீட்டைப் பூட்டிட்டு வந்துட்டேன், அவரு வாசல்ல நிப்பாரு."